தெருமரக் கணக்கு

என் சமையலறை அலமாரியில், பஞ்சாங்கத்துக்கும் காஸ் புத்தகத்துக்கும் நடுவே நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எதையும் கட்டம் போட்டு எழுதி வைக்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. வரிசை எண், மரத்தின் பெயர், நட்ட தேதி, யார் வீட்டு வாசல், கடைசிக் கட்டத்தில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. மொத்தம் 53 வரிகள். இந்த வாரம் நடந்து போய் எண்ணிப் பார்த்தபோது ‘உண்டு’ 13.

நூற்றுக்கு இருபத்து நான்கரை. என் வகுப்பில் முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர்களுக்கு நான் பாஸ் போட்டதில்லை. ஆனாலும் இந்த மதிப்பெண்ணை மறைக்காமல் எழுதிவிடலாம் என்று தோன்றியது. மரம் நட்ட கதைகளை எல்லோரும் நட்ட அன்றோடு முடித்துவிடுகிறார்கள். மாலை, பேனர், பூவாளி, போட்டோ. அதற்கு அடுத்த வருடம் அந்தக் குழி என்ன ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை.

எங்கள் தெரு மடிப்பாக்கத்தில் இருக்கிறது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை ஊராட்சியாக இருந்த இடம். இருபதடித் தெரு, இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தொரு வீடுகள். தெரு முனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், உள்ளே மூன்று வேம்பு, இரண்டு இயல்வாகை, ஒரு குல்மோஹர். இவற்றை யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் வீடு கட்டி வந்தபோதே நிழல் இருந்தது. இருந்ததால் அதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

2016 டிசம்பர் 12ஆம் தேதி பிற்பகல் வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தது. அந்த மாதத்தில் சென்னைக்காரர்களுக்குக் கலங்குவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. கையில் செல்லுபடியாகும் நோட்டு இல்லை. முதலமைச்சர் இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரின் வெள்ளக் கோடு பல வீட்டுச் சுவர்களில் அப்படியே இருந்தது. அன்று முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, நடுவில் கொஞ்ச நேரம் ஓய்ந்தது. முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்து வாசலுக்கு வந்தோம். புயலுக்குக் கண் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பிறகு அதே காற்று தெற்கிலிருந்து திரும்பி வந்தது. வடக்குக் காற்றில் ஆடி ஆடி வேர் தளர்ந்திருந்த மரங்களை எதிர்ப்பக்கமாகத் தள்ளிச் சாய்த்தது. தூங்குமூஞ்சி விழுந்த சத்தத்தைவிட, அதோடு சேர்ந்து இழுபட்ட மின்கம்பிகளின் சத்தம்தான் பயங்கரமாக இருந்தது.

மறுநாள் காலை தெருவுக்கு வந்தபோது முதலில் உறைத்தது வெளிச்சம். தெருவுக்கே மொட்டை அடித்துவிட்டதுபோல் இருந்தது. எதிர்வீட்டு மாடிச் சுவரில் இவ்வளவு பெரிய விரிசல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஏழு மரங்களில் மிஞ்சியது ஒரே ஒரு வேம்பு.

‘வெளிநாட்டு மரங்கள்தான் விழுந்தன, நம் நாட்டு மரங்கள் நின்றன’ என்று அந்த நாட்களில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது, குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. குடைபோல் விரிந்து காற்றை வாங்கும் மரங்கள். ஆனால் எங்கள் தெருவில் இரண்டு வேம்பும் விழுந்தனவே? விழுந்த வேம்பின் அடியைப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு வேர்ப்பிடி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அளவுதான். ஒரு பக்கத்தில் வேர்கள் ரம்பத்தால் அறுத்ததுபோல் நேர்க்கோட்டில் முடிந்திருந்தன. எப்போதோ கேபிளுக்கோ வடிகாலுக்கோ பள்ளம் தோண்டியபோது வெட்டப்பட்டவை. மறுபக்கம் அடிமரத்தைத் தொட்டுக்கொண்டு சிமெண்ட். ஒரு காலில் நின்ற மரத்தை நாட்டு மரம், வெளிநாட்டு மரம் என்று பிரித்து என்ன பயன்?

தூங்குமூஞ்சிக்கு அடியில் பதினான்கு வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தார் ஒருவர். தெருவில் எல்லோருக்கும் அவர் இஸ்திரி அண்ணன். மரம் போன பிறகு நாலு கழி நட்டு நீலத் தார்ப்பாய் கட்டினார். பங்குனி பிறந்ததும் முகமே கறுத்துப்போய்விட்டது. “தார்ப்பாய் வெயிலைத்தான் தடுக்கும் டீச்சர். சூட்டைத் தடுக்காது. மரம் இரண்டையும் தடுத்தது” என்றார். அறிவியல் வகுப்பில் இலைகள் நீராவியை வெளிவிடுவதைப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். அதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. தார்ப்பாய் வெயிலை வாங்கித் தானும் கொதித்து, அந்தக் கொதிப்பைக் கீழே இறக்கும். இலை, வேர் கொண்டுவந்த தண்ணீரை ஆவியாக்கி, அதற்குச் சுற்றியுள்ள வெப்பத்தையே செலவழிக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான்.

சரி, நடுவோம் என்று முடிவு செய்தோம். தெருவில் பதினோரு பேர் சேர்ந்தோம். அசோகர் சாலையின் இருமருங்கிலும் மரங்களை நட்டார் என்று ஆயிரம் முறை மனப்பாடம் செய்தவர்கள். அசோகரைவிடக் குறைவாகச் செய்வதில் அர்த்தமில்லை என்று 31 கன்றுகள் வாங்கினோம். தேதி 2017 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். பேனர் இருந்தது. சுண்டல் இருந்தது. நானும் பூவாளியோடு போட்டோவில் இருக்கிறேன்.

அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 18. அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நோட்டோடு போய் எண்ணினேன். நான்கு.

இதைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. சென்னையில் அக்னி நட்சத்திரம் முடிவது மே மாதக் கடைசியில். ஜூன் 5 என்பது பூமி அடுப்புபோல் இருக்கும் நாள். நாடு முழுக்க மரம் நடும் விழாவான வன மகோத்சவம் 1950இல் தொடங்கியபோது ஜூலை முதல் வாரம் என்று வைத்தார்கள். தென்மேற்குப் பருவமழை நனைக்கும் ஊர்களுக்கு அது பொருத்தம். எங்களுக்கு ஆண்டில் பெய்யும் சுமார் 140 சென்டிமீட்டரில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது. நாட்காட்டி ஒரு பக்கம், மேகம் ஒரு பக்கம். அதிலும் 2016இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்ததால் 2017 கோடையில் குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு. அந்த நிலையில் 31 பிஞ்சுகளைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தியிருக்கிறோம். நட்டோம் என்று சொல்வதே பிசகு.

மாநகர எல்லைக்கு வெளியே நாற்றங்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போய் எங்கள் தோல்வியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ‘எவ்வளவு குழி?’ என்று மட்டும் கேட்டார். கடப்பாரை இறங்கின அளவு என்றேன். அதற்குத்தான் சிரித்தார்.

அவர் சொல்லிக்கொடுத்தவை பி.எட். படிப்பில் கிடைக்காதவை. குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். தோண்டி ஒரு வாரம் வெயில் காய விட வேண்டும். எங்கள் தெருவில் ஓரடிக்குக் கீழே மண்ணே இல்லை, வீடு கட்டிய மிச்சங்கள்தான்: செங்கல் சில்லு, சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, ஒரு குழியில் முழுக் கழுவுதொட்டி. அதற்கும் கீழே ஏரிப் பகுதிக்கே உரிய கறுப்புக் களிமண். அதையெல்லாம் அள்ளி எடுத்துவிட்டுச் செம்மண், மணல், மட்கிய தொழு உரம், இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கு. இரண்டடிக் கன்று ஆட்டுக்கு வாய்க்கு எட்டும் உயரம்; ஏழெட்டு அடிக் கன்றாக வாங்க வேண்டும், விலை கூடுதல்தான். பையைக் கிழித்ததும் வேரைப் பார்க்க வேண்டும். பாலித்தீன் பையில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர், போக இடமில்லாமல் உள்ளேயே சுருண்டு சுருண்டு வளையமாகியிருக்கும். கத்தியால் கீறி அதைப் பிரித்துவிடாமல் நட்டால் மரம் வளரும், ஆனால் வேர் அந்தச் சுருளை விட்டு வெளியே போகாது. பத்து வருடம் கழித்து ஒரு காற்றில் சாயும். ஊன்றுகோலில் கட்டும்போது சணலை எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பலப்படும். தினம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும், கீழே இறங்காது. வாரம் இரண்டு முறை ஒரு குடம் முழுக்க ஊற்ற வேண்டும். இரண்டு கோடை தாண்டும்வரை.

அந்தக் கடைசி வாக்கியத்தை நோட்டின் அட்டையில் எழுதிவைத்திருக்கிறேன்.

அதே வாரம் கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்கும் போய் வந்தேன். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை, 2006இல் தொடங்கி, ‘நிழல்’ என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் நாட்டு மரங்களால் நிரப்பிய இடம் அது. பெயர் தெரியாத மரங்களுக்கு நடுவே நின்றபோது, நான் முப்பது வருடம் நடந்துபோன ஊரில் எத்தனை மரத்தை எனக்கு அடையாளம் தெரியும் என்று யோசித்தேன். பத்து தேறவில்லை. நாங்கள் ‘அசோக மரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த உயரமான மரம் நெட்டிலிங்கம் என்பதே அங்கேதான் தெரிந்தது. புரசைவாக்கத்தின் பெயரிலேயே மரம் இருக்கிறது. நூறு பேரைக் கேட்டால் புரசு எப்படி இருக்கும் என்று சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்?

இரண்டாம் முறை அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலுமாக 22 கன்றுகள். பன்னிரண்டு புங்கம், ஐந்து வேம்பு, மூன்று மகிழம், இரண்டு நாவல். பேனர் இல்லை. இந்த முறை கன்றைவிட வீட்டுக்காரர்களைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு வாசலாகப் போய் மணி அடித்துக் கேட்டோம்.

மரம் வேண்டாம் என்பதற்கு மனிதர்கள் சொல்லும் காரணங்களை யாராவது ஆராய்ச்சி செய்யலாம். இலை கொட்டும். வேர் காம்பவுண்டுச் சுவரைப் பெயர்க்கும். நாவல்பழம் காரின் மேல் விழும். கம்பளிப்பூச்சி வரும். வாசலுக்கு நேரே மரம் வாஸ்துப்படி ஆகாது. திருடன் ஏறி வருவான். கண்காணிப்புக் கேமராவை மறைக்கும். ஒரு பெரியவர் மட்டும் எதிர்த்திசையில் போனார்: வைப்பதென்றால் ஆலமரம்தான் வைக்க வேண்டும், அதுதான் நம் பண்பாடு என்றார். அடையாறு ஆலமரத்தை அவர் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். 1989இல் காற்றில் அடிமரம் சாய்ந்த பிறகும், விழுதுகளாலேயே ஒரு தோப்புபோல் நிற்கும் மரம் அது. அதைப் போல் ஒன்று எங்கள் இருபதடித் தெருவில் வளர்ந்தால், நாற்பத்தொரு வீட்டாரும் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான். அவர் சமாதானமாகிப் புங்கம் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் எண் வீட்டு மாமி இலைக் கட்சியின் தலைவி. “குப்பை கூட்டுகிறவளுக்குத்தான் தெரியும் உங்கள் சுற்றுச்சூழல்” என்றார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. தெருமரத்தின் நிழலில் ஆண்கள் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள், அதன் இலையைப் பெண்கள் கூட்டுகிறார்கள். இதைப் பற்றி மரம் நடும் மேடைகளில் பேசுவதில்லை. கடைசியில் நாங்கள் செய்த ஏற்பாடு: சருகைக் கூட்டி மரத்தடியிலேயே மூடாக்காகப் போடுவது, எரிப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை முறை வைத்து எல்லா வீட்டுக்காரர்களும். முறை என்பது நான்கு மாதம்தான் நடந்தது. மாமி இப்போதும் திட்டிக்கொண்டே கூட்டுகிறார். ஆனால் அவர் வாசலில் இருக்கும் புங்கத்தைப் பற்றி யாராவது ஒரு சொல் சொல்லட்டும், பார்க்கலாம்.

புங்கத்தை நாங்கள் அதிகம் வைத்ததற்குக் காரணம் உண்டு. மாசி, பங்குனியில் அது இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும்; செத்துவிட்டது என்று முதல் வருடம் இரண்டு பேர் எனக்குப் போன் செய்தார்கள். ஒரு சில வாரத்தில் புதுத் துளிர் பளபளவென்று வரும். சரியாகச் சித்திரை வெயிலுக்குக் குடை தயார். வெயில் ஏற ஏறப் பூக்கும், பொரியைக் கொட்டியதுபோல் தரை முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கிடக்கும். உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தகுதி என்று தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. மரம் நடுங்கள், ஆக்சிஜன் கிடைக்கும் என்று சொல்வதை நிறுத்தலாம். காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன். எங்கள் தெருப் புங்கங்கள் அதை இருபத்தொன்றே கால் ஆக்கிவிடப் போவதில்லை. தெருமரம் தருவது வேறு, அதைக் கையால் தொட்டே பார்க்கலாம். ஏ.சி. பழுதுபார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம், துப்பாக்கிபோல் நீட்டினால் பரப்பின் வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி இருக்கிறது. 2023 மே மாதம் ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு அதை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். வெயிலில் கிடந்த தார்ச்சாலை 57 டிகிரி. மாமி வீட்டுப் புங்கத்தின் நிழல் விழுந்த அதே தார் 36. இருபது அடி இடைவெளி, இருபத்தொரு டிகிரி வித்தியாசம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நிழலில் உள்ள பரப்புகள் உச்சி வெயிலில் உள்ளவற்றைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கலாம் என்று சொல்கிறது. மடிப்பாக்கமும் அதற்கு உட்பட்டே இருக்கிறது என்று அறிந்ததில் ஒரு திருப்தி. வெயிலில் கிடக்கும் தார் அந்தச் சூட்டை இரவு முழுக்க வைத்திருந்து, நாம் தூங்கும் நேரத்தில் திருப்பித் தருகிறது. பகலிலேயே அதன் மேல் வெயில் விழாமல் தடுப்பதுதான் மரத்தின் வேலை.

என் கணவருக்கு 2021இல் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்து மாடி அறையில் படுத்திருந்த நாட்களில், ஜன்னலுக்கு வெளியே புங்கக் கிளையில் அணில் ஓடுவதை மணிக்கணக்கில் பார்ப்பார். எனக்கு உடனே நினைவு வந்தது ரோஜர் உல்ரிச்சின் ஆய்வு. 1984இல் வெளியானது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், இதே பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். கடுமையான வலிமருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இதைக் கணவரிடம் சொன்னபோது, “நாளை வரை காத்திருக்க முடியாதா, அணில் பார்க்கிறேன்” என்றார்.

2019 கோடையை எப்படிச் சொல்வது? சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. தெருவில் குடத்தோடு லாரிக்கு நின்றுகொண்டே, மரத்துக்கு ஒரு குடம் என்று கேட்க எந்த முகத்தை வைத்துக்கொள்வது? அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் எல்லாவற்றையும் வாளியில் பிடித்தோம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரையும் ஊற்றினோம். அதில் உப்பு அதிகம். வேம்பும் புங்கமும் தாங்கிக்கொண்டன, மகிழம் மூன்றில் இரண்டு தாங்கவில்லை. அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிய மண்பானைகளைக் கன்றருகே புதைத்தோம், மேலே தேங்காய் மட்டை. அதற்கு முன்பு எனக்குப் பெயர்கூடத் தெரியாத கல்லூரிப் பையன் ஒருவன் இரவு பத்து மணிக்கு வாளியோடு போவதைப் பார்த்தேன். அவர்கள் வீட்டு வாசலில் கன்றே இல்லை. வேறு யார் வீட்டு மரத்துக்கோ ஊற்றிக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடை முடிந்தபோது, முதல் முறை மிஞ்சிய நான்கையும் சேர்த்து, 26இல் 19 இருந்தன. உண்மையில் அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். இரண்டு கோடை தாண்டியாயிற்று. நாற்றங்கால் பெரியவர் மனிதர்களைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு வீடு கைமாறியது, புது உரிமையாளருக்கு இரண்டு கார். ஒரு வேம்பு போனது. ஒரு மரத்தின் கம்பிக்கூண்டைச் சரியான நேரத்தில் கழற்ற மறந்தோம், தண்டு கம்பியை விழுங்கிக்கொண்டு வளர்ந்து, அந்த இடத்திலேயே முறிந்தது. அது முழுக்க என் தவறு, நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட வந்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆட்கள் ஒரே பிற்பகலில் மூன்றை எடுத்துவிட்டார்கள். அதில் இரண்டு, பள்ளத்தின் வழியிலேயே இல்லை. மண்ணைக் குவிக்க இடம் வேண்டியிருந்ததாம். நான் அன்று கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வந்து சத்தம் போட்டேன், எழுதிக் கொடுத்தேன். பொது இடத்து மரத்தை வெட்டுவதென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று 2021இல் வந்த அரசாணையின் நகலை இப்போது கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த முறை பேவர் கல் பதிக்க வந்தவர்களிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவர்களின் மேஸ்திரி அதைப் படிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, மரத்தைச் சுற்றி மூன்றடிச் சதுரம் கல் போடாமல் விட்டுவிட்டார். டீச்சர் குரல் எங்கேயாவது உதவத்தானே வேண்டும்.

பதினான்காவது மரம் போன கதைதான் எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியாதது. தெரு முனையில், தூங்குமூஞ்சி நின்ற அதே இடத்துக்குப் பக்கத்தில், இஸ்திரி அண்ணனுக்காகவே வைத்த புங்கம். வீட்டு வாசல் என்ற கட்டத்தில் ‘இஸ்திரி’ என்று எழுதியிருந்தேன். நான்கு வருடத்தில் அவர் வண்டி மேல் நிழல் விழ ஆரம்பித்தது. தார்ப்பாயைக் கழற்றிவிட்டார். 2022இல் அந்த மரம் ஒரு பக்கமாக வாட ஆரம்பித்தது. பூச்சியா என்று பார்த்தோம், இல்லை. தண்ணீர் ஊற்றினோம், கேட்கவில்லை. ஆடிக்குள் முழுவதும் காய்ந்துவிட்டது. அடியைக் கிளறியபோதுதான் தெரிந்தது. மரத்தடியில் ஒரு முழ ஆழத்துக்குச் சாம்பல். தினமும் இரவு பெட்டியைக் கவிழ்த்துத் தணலோடு கரியை அங்கேயே கொட்டியிருக்கிறார். சாம்பல் உரம்தானே என்று நினைத்தாராம். ஊரில் வாழைக்குப் போடுவார்களே என்றார். ஒரு பிடி போடுவதும், நான்கு வருடம் தணலாகக் கொட்டுவதும் ஒன்றா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன், கேட்கவில்லை. நோட்டில் ‘இல்லை’ என்று எழுதுவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அதோடு 13. இன்றுவரை அந்த எண் குறையவில்லை. மரப்பெயரை வைத்து, நட்ட தேதியை வைத்து, மண்ணை வைத்து என்று பல விதமாகப் பட்டியலைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். அக்டோபர் என்பது உதவியது, புங்கம் என்பது உதவியது. ஆனால் பதின்மூன்றுக்கும் பொருந்தும் ஒரே கட்டம் நான்காவது. அந்தப் பதின்மூன்று வாசல்களிலும் ‘எங்கள் மரம்’ என்று சொல்லும் ஒரு ஆள் இருக்கிறார். மூன்று வாசல்களில் அந்த ஆள் வீட்டுச் சொந்தக்காரர்கூட இல்லை, வாடகைக்கு இருப்பவர்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது இலக்கு என்று சொன்னார்கள். காலி மனைகளில் மியாவாக்கி முறையில் நெருக்கி நட்ட குறுங்காடுகளையும் பார்க்கிறேன். பறவைக்கும் மண்ணுக்கும் நல்லது, ஆனால் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு அதன் நிழல் எட்டாது. என்னை யாராவது கேட்டால், தெருவில் நடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுக்கச் சொல்வேன், ஐந்தாம் வருடம் திருப்பி வாங்கித் திருத்தும் ஏற்பாட்டோடு.

இஸ்திரி அண்ணன் இப்போது காஸ் இஸ்திரிப் பெட்டிக்கு மாறிவிட்டார். கரி இல்லை, சாம்பல் இல்லை. போன ஐப்பசியில் ஒரு நாள் துணி கொடுக்கப் போனபோது, வண்டிக்குப் பின்னால் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கழி மண்ணில் நட்டிருந்தது. துணி காயப்போட என்று நினைத்தேன். தொட்டுப் பார்க்கும்போது கணுவில் இரண்டு இலை. இதய வடிவம், பூவரசு. ஊருக்குப் போனபோது கொண்டுவந்த போத்து, நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு, என்றார். மூன்றடிக் குழியா, செம்மண் போட்டாரா, ஆட்டுக்கு எட்டாத உயரமா என்று எதையும் நான் கேட்கவில்லை. இருந்த மண்ணில் ஒரு முழம் இறக்கி, தலையில் சாணி அப்பி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

மாமியின் பேரன் அதிலிருந்து ஓர் இலையைப் பறித்துச் சுருட்டிப் பீப்பீ ஊதியதற்கு, தெருவே கேட்கும்படி திட்டு வாங்கினான்.

“நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர், 54” என்றார் அண்ணன். இரண்டு கோடை போகட்டும் என்றேன். பென்சிலால்கூட எழுதவில்லை. முதல் கோடை இப்போதுதான் முடிந்திருக்கிறது. இலை பதினேழு.